மூன்று வருடம், ஒரு 150-600 லென்ஸ், கொஞ்சம் சைக்கிள் டியூப்

போன வாரம்தான் என் ஜூம் லென்ஸ் (150 மி.மீ.-இலிருந்து 600 மி.மீ. வரை; எண் கூடக்கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்) சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. முன்கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்தில், நூலாம்படை மாதிரி ஃபங்கஸ் (பூஞ்சை) படர்ந்திருந்தது. கழற்றித் துடைத்துக் கொடுக்க நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. அன்று சாயங்காலமே நண்பனின் தம்பி போன் செய்தான். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே லென்ஸ் விலை இறங்கியிருக்கு, எடுத்துடவா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். படத்தின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ரேடியல் சாலை ஓரம் நின்று ஒரு நீலத் தாழைக்கோழியை எடுத்தேன். கோரைத் தண்டை ஒற்றைக் காலால் தூக்கிப் பிடித்து, அலகால் தோலை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், உரிந்த நார் தனித்தனி இழையாகத் தெரிகிறது. சிவப்பு அலகின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதற்குள் கிழக்கு வெளிச்சம். அந்தப் படத்தை அம்மாவுக்குக் காட்டியபோது வந்த சந்தோஷம் போதும், கொடுத்த காசு வசூல்.

காலை எட்டரைக்கு மேல் படம் குழைந்தால் லென்ஸைத் திட்டக் கூடாது. வெயில் ஏறியதும் சதுப்பின் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. இரண்டு கிலோ எடை என்பதும் தெரிந்து வாங்கியதுதான்.

என் கோபமெல்லாம் லென்ஸின் முன்குழல் மேல். ஜூமை 600-க்குத் திருகினால் அது அரைச் சாண் வெளியே நீளும். புதிதில் இறுக்கமாக இருந்தது. ஒரு வருடத்துக்குள் தளர்ந்துவிட்டது. தோளில் தொங்கவிட்டு நடந்தால் தானாக இறங்கி நீள்கிறது. பூட்டு இருக்கிறது, ஆனால் 150-இல் வைத்தால் மட்டும்தான் பிடிக்கும். பறவைக்குப் போகிறபோது இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வானத்துக்குத் திருப்பும்போதுதான் வினை. மேலே பார்க்க நிறுத்தினால் குழல் தன் கனத்திலேயே உள்ளே இறங்குகிறது. 600-இல் வைத்தது 500-க்கு வந்து நிற்கும். அந்த நகர்வில் ஃபோகஸும் போய்விடும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். லண்டனில் ஜூன் மாத முழுநிலா அடிவானத்தை ஒட்டியே போய்விடும், லென்ஸைப் பெரிதாக நிமிர்த்தவே வேண்டாம். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். இங்கே எந்த மாதமானாலும் நள்ளிரவு முழுநிலா பாதி வானத்துக்கு மேலேதான் நிற்கும். சில மாதங்களில் நேராக உச்சந்தலைக்கு.

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். பதினொரு மணிக்கு நிலா முழுதாக நிழலுக்குள் போனது, 12.22 வரை 82 நிமிடம். மொட்டை மாடியில் முக்காலி போட்டுக் காத்திருந்தேன். சாதாரண முழுநிலாவுக்கு ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 200, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு), ஷட்டர் திறந்திருக்க 1/200 வினாடி என்று வைத்தால் போதும். கிரகணத்தில் சிவந்த நிலாவுக்கு வெளிச்சம் போதாது. ஐஎஸ்ஓ 3200, எஃப்/6.3, அரை வினாடி வைத்தேன். அதற்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் பூமி சுற்றுகிற வேகத்தில் விளிம்பு இழுபட்டுவிடும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நிலா கிட்டத்தட்ட 70 டிகிரி உயரத்தில். குழல் மெல்ல மெல்ல இறங்கியது இருட்டில் எனக்குத் தெரியவே இல்லை. கீழே வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், முதல் பத்துப் படம் ஊசி முனை மாதிரித் துல்லியம். அப்புறம் ஒவ்வொன்றிலும் நிலா கொஞ்சம் சிறுத்து, கொஞ்சம் மங்கி, கடைசியில் செங்கல் நிறத்தில் ஒரு கறை. இப்படி ஒரு முழுக் கிரகணம் தொடக்கம் முதல் முடிவு வரை நம் ஊரில் தெரிய இனி 2028 டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டும். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகுதான் தெரு முனை சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டினேன். ஜூம் வளையத்தில் பாதி, குழலில் பாதி படுகிற மாதிரி மாட்டிவிட்டால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் அசையாது. ஆனால் பறவைக்குப் போகும்போது கழற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கு ஜூம் திரும்பாது.

சர்வீஸ்காரர் சொன்ன ஒரு விஷயம் என் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. இப்படி நீண்டு சுருங்குகிற குழல் ஒரு பம்பு மாதிரி, ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்குமாம். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? பையிலேயே போட்டு வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இப்போது காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் எல்லாம் வாங்கியாயிற்று. முள்ளை 40-க்கும் 50-க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன்.

தம்பி, என் முடிவைக் கேட்டால், வாங்காதே. படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். வானத்தையும் எடுக்கப்போகிறாய் என்றால் உள்ளேயே ஜூம் ஆகிற லென்ஸுக்குக் காசு சேர். சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டிலும் குழல் வெளியே நீளாது. இரண்டுக்கும் அந்தந்தக் கம்பெனியின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வேண்டும், செலவு கூடும்தான். இன்னும் ஒரு வருடம் பொறுத்து எடு.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்குப் பெரும்பாக்கம் ஏரிக்குக் கிளம்புகிறேன். உன் கேமராவை எடுத்துக்கொண்டு வா, என் லென்ஸை மாட்டித் தருகிறேன்.