மெட்ஃபார்மினோடு ஏழு ஆண்டுகள்

2018 ஜூனில், பள்ளி திறந்த வாரம், எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வெறும் வயிற்றில் 186, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி 8.9. வயது 47. அப்பாவுக்கும் அத்தைக்கும் இருந்த நோய்தான் என்பதால் பெயரைக் கேட்டு நான் அதிரவில்லை. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் ஒன்று என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். என்னை ஆட்டிப் படைத்தது அந்த மாத்திரை.

மூன்றாம் நாளே நாக்கில் ஓர் உலோகச் சுவை ஏறியது. பித்தளைச் சாமான் துலக்கிய விரலை வாயில் வைத்தது போல இருக்கும், காப்பிகூட ருசிக்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கை என்ன செய்வது? கும்பகோணத்திலிருந்து என் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் ஐம்பது நிமிடம். வழியெல்லாம் வயலும் வாய்க்காலும்தான். ஒரு பெண் அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டு முறை பாதி வழியில் இறங்கி, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். இரண்டு வீட்டிலும் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டார்கள். ஒரு வீட்டில், புறப்படும்போது, உப்புப் போட்டு மோர் கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன்.

சாப்பிட்டால்தானே வயிறு கலங்குகிறது என்று எண்ணி, சில நாள் வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் விழுங்கிப் போனேன். குமட்டலும் சேர்ந்துகொண்டது. பிறகு காலை மாத்திரையை விட்டேன், சில நாளில் இரவு மாத்திரையையும். வயிறு அமைதியானது. கணவர் கேட்டால் "போட்டுக்கொண்டேன்" என்றேன். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கவே இல்லை. "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டபோதும் தலையாட்டினேன். வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசக் கூச்சம். ஆசிரியையாக இருந்துகொண்டு சொன்னதைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கம். மெட்ஃபார்மின் மட்டும் போதவில்லை என்று அவர் முடிவு செய்து, கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையையும் சேர்த்து எழுதினார். நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி.

எண்களைப் பார்த்துப் பயந்துபோய், அன்றிலிருந்து இரண்டையும் தவறாமல் போட்டேன். இரண்டாவது வாரம் சஷ்டி விரதம் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போனேன். பதினொரு மணிக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கை நடுங்கியது. ரவிக்கை நனையும்படி வியர்த்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. ஒரு பெண்ணின் பெயர் நாக்கில் வரவில்லை. சத்துணவுக் கூடத்து அக்கா ஓடி வந்து தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். மெட்ஃபார்மின் தனியாகப் பொதுவாகச் சர்க்கரையை இப்படித் தாழ்த்திவிடாது. அது முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுவதைக் குறைக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பது. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அதற்குத் தெரியாது. இந்த வேறுபாட்டை அந்தக் கரும்பலகையின் முன்னால்தான் கற்றேன்.

அன்று மாலையே மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முதல் மாதமே சொல்லியிருந்தால் இந்த இரண்டாவது மாத்திரையை எழுதியிருக்கவே மாட்டேனே அம்மா" என்றார். கிளிமிபிரைடை நிறுத்தினார். மெட்ஃபார்மினை எஸ்.ஆர். வகைக்கு மாற்றினார். இது மருந்தை மொத்தமாக விடாமல் மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும்; அதனால் குடலைக் கலக்குவது குறைவு. முதலில் இரவு மட்டும் 500. வயிறு பழகிய பிறகு 1000. சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், உடைக்கவோ மெல்லவோ கூடாது என்றார். நான் இரண்டாவது இட்லிக்குப் பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் மூன்றாவதைச் சாப்பிடுவேன். பத்து நாளில் வயிறு சொன்னபடி கேட்டது. மூன்று மாதத்தில் எச்.பி.ஏ.1சி 7.1 ஆனது.

ஒருநாள் மலத்தில் முழு மாத்திரை போல ஏதோ தெரியவும், மருந்தே உடம்பில் சேரவில்லையோ என்று பதறினேன். எஸ்.ஆர். மாத்திரையின் வெற்றுக் கூடு சில சமயம் அப்படியே வெளியேறும், மருந்து உள்ளே இறங்கியிருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். இந்த முறை அதே வாரம் கேட்டுவிட்டேன்.

"இங்கிலீஷ் மருந்து குடலைக் கெடுக்கும், கஷாயத்துக்கு மாறு" என்று சொன்ன உறவினர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெட்ஃபார்மினின் பூர்வீகமும் ஒரு செடிதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் கண்ட சேர்மங்களைத் தொடர்ந்து போய்த்தான் இந்த மருந்து வகைக்கு வந்தார்கள். 1957இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதை நீரிழிவுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார். அந்தச் செடியைத் தின்ற ஆடுகள் செத்துப்போவதுண்டு. பச்சிலை என்றாலே பக்க விளைவு இராது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

நான்கு ஆண்டுகள் நிம்மதியாகப் போயின. 2022 கடைசியில் உள்ளங்கால் எரியத் தொடங்கியது. இரவில் பஞ்சின்மேல் நடப்பது போல மதமதப்பு. சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிவது சகஜம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். சோற்றைக் குறைத்தேன், நடையைக் கூட்டினேன். எச்.பி.ஏ.1சி 6.8 வரை இறங்கியும் எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. எட்டு மாதம் இப்படி வீணானதை நினைத்தால் இன்றும் மனம் பொறுக்கவில்லை. வேறொரு மருத்துவர் ரத்தத்தில் பி12, அதாவது நரம்புக்கு வேண்டிய ஒரு வைட்டமின், எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். 142 வந்தது, 200க்குக் கீழே என்றாலே குறைபாடாகக் கொள்கிறார்கள். மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் போடும்போது குடல் பி12 சத்தை உறிஞ்சுவது குறையும். எங்கள் வீட்டில் சைவம். பால், தயிரைத் தவிர பி12க்கு வேறு வழியில்லை. போதாக்குறைக்கு, பழைய வயிற்றுப் பயத்தில் மருந்துக் கடையில் நானாக வாங்கி இரண்டு ஆண்டு போட்ட அசிடிட்டி மாத்திரையும் நீண்ட நாளில் அதே சத்தைக் குறைக்கக்கூடியது.

பி12 ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. நான்கு மாதத்தில் எரிச்சல் அடங்கியது. இடது கால் பெருவிரலில் மட்டும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. தாமதித்தால் நரம்பு எல்லாவற்றையும் திருப்பித் தராது. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. இப்போது ஆண்டுக்கொரு முறை பி12, சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினின் பார்க்கிறேன். விரத நாளுக்கு முன்பு மாத்திரையை என்ன செய்வது என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கட்டிய பொட்டலம் இன்னும் இருக்கிறது, பழக்கம் விடவில்லை.

சென்ற மாதம் எங்கள் பள்ளியின் புதிய டீச்சர் ஓய்வறையில் என்னைத் தனியே அழைத்து, "அக்கா, இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன்" என்றாள். மருத்துவரிடம் சொன்னாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன்: தேதி, மாத்திரை போட்ட நேரம், என்ன சாப்பிட்டாள், வயிறு எப்போது கலங்கியது, எந்த நாள் போடவில்லை. கடைசிப் பத்தியைப் பொய்யில்லாமல் நிரப்பச் சொன்னேன். சனிக்கிழமை அவளோடு நானும் போகிறேன்.