இன்சுலின் பேனா, குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு: 18 மாத அனுபவம்

மருந்துக்கடையில் வாங்கிய, இரத்தத்தில் சீனியை அளக்கும் சாதாரணக் குளுக்கோமீட்டர் ஒன்று. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த இன்சுலின் பேனா ஒன்று. மகள் பள்ளியில் மிச்சம் வைத்த கோடுபோட்ட நோட்டு ஒன்று. 2023 டிசம்பரிலிருந்து இந்த மூன்றையும் தினமும் பயன்படுத்தி வருகிறேன். நடுவில் கையில் ஒட்டிக்கொண்டு சீனியைத் தானாகவே அளக்கும் சென்சாரையும் ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். பெரிய தொற்றிலிருந்து மீண்டு வருகிற இனிப்புநீர்க்காரர்களுக்கு (நீரிழிவு உள்ளவர்களுக்கு) உதவும் என்றுதான் எழுதுகிறேன். இதில் வரும் ஊசி அளவுகள் எனக்கு டாக்டர் சொன்னவை. உங்களுடையதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்து 22 வருஷம் ஆகிறது. வீடு செந்தூலில். இனிப்புநீர் வந்து 9 வருஷம். மெட்ஃபார்மின், கிளிக்லசைடு என்ற சீனி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு, கிளினிக் தேதி வந்தால் போவேன், கடையில் கூட்டம் என்றால் போகாமலும் இருப்பேன். 2023 நவம்பரில் மழை விடாமல் கொட்டிய ஒரு மாலையில் கடைக்குப் பின்னால் லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) அடைத்துக்கொண்டது. ஜப்பான் சிலிப்பரோடு இறங்கிக் குச்சியால் குத்திவிட்டேன். இடது குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தது. அந்தச் சேற்றுத் தண்ணீர் அதில் இறங்கும் என்று தோன்றவே இல்லை.

எட்டாம் நாள் குளிர் தூக்கிப் போட்டது. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கு நாள் கஞ்சி கூட இறங்கவில்லை. சாப்பாடே இல்லை, சீனி மாத்திரை எதற்கு என்று நானாகவே நிறுத்திவிட்டேன். இந்தத் தப்பை இங்கே முதலில் எழுதக் காரணம், நம் வீடுகளில் எல்லோரும் இதையேதான் செய்கிறோம். ஐந்தாம் நாள் அவசரப் பிரிவில் விரலைக் குத்தியபோது மீட்டரில் எண் வரவில்லை, ‘ஹை’ என்ற எழுத்துதான் வந்தது. அந்த மீட்டரில் 33.3க்கு மேலே போனால் அப்படித்தான் காட்டுமாம். இங்கே மீட்டர் காட்டுவது மில்லிமோல் கணக்கு, இந்தியாவின் மில்லிகிராம் கணக்குக்கு 18ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 600.

நாலு நாள் பட்டினி கிடந்தவளுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு சீனி? மூன்றாம் நாள் கண் தெளிந்ததும் நான் கேட்டது இதைத்தான். வார்டில் இருந்த தாதி ஒருத்தி, என் மகள் வயசு இருக்கும், டிரிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “நீங்க சாப்பிடலைன்னாலும் கல்லீரல் சும்மா இருக்காது ஆன்ட்டி. கிருமியோட சண்டை போட உடம்பு அதுவா சீனியை அவிழ்த்து விடும். அதே நேரத்துல இன்சுலினையும் வேலை செய்ய விடாது.” நான் அழுதுவிட்டேன். அந்த நிமிஷம் வரைக்கும் ஏதோ தின்றுவிட்டுத்தான் இப்படி ஆனது என்று என்னையே திட்டிக்கொண்டு கிடந்தேன்.

இரத்தத்திலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்ததில் வந்த பெயர் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியா. மழைக்காலத்தில் அதிகம், இனிப்புநீர் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். மகள் படுக்கைப் பக்கம் உட்கார்ந்து போனில் படித்துச் சொன்னாள்: 1911இல் ரங்கூனில் இந்த நோயை முதலில் கண்டுபிடித்த இரண்டு பேரில் ஒருவர் கிருஷ்ணசுவாமி, இன்னொருவர் விட்மோர். அதற்கு இந்தப் பெயரை 1921இல் வைத்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் நம்ம கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தவர்கள். ஜாலான் பஹாங்கில் இருந்த அந்தக் கழகத்தை பஸ்ஸில் எத்தனை தடவை கடந்து போயிருப்பேன். நூறு வருஷமாக இந்த ஊருக்குத் தெரிந்த நோயின் பெயரை, பூக்கடை வரிசையில் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

மூன்று வாரம் நரம்பு வழியாக செஃப்டாசிடிம் என்ற கிருமிக்கொல்லி மருந்து ஏறியது. பிறகு வீட்டில் 20 வாரம் கோ-டிரைமோக்சசோல் மாத்திரை, நம் ஆட்கள் பாக்ட்ரிம் என்பார்களே அதுதான். உடம்பு தேறிவிட்டது என்று இடையில் விட்டால் நோய் திரும்பி வரும் என்று நாலு பேர் நாலு தடவை சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும்போது மெட்ஃபார்மின், அதோடு இரவு 10 மணிக்கு 24 யூனிட் இன்சுலின்.

இனி பொருட்களுக்கு வருகிறேன்.

மீட்டர் நல்ல மீட்டர். ஐந்து விநாடியில் எண் வந்துவிடும், பேட்டரியை இன்னும் மாற்றவில்லை. செலவெல்லாம் இரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பில்தான். 50 கொண்ட பெட்டிக்கு ஏறக்குறைய 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறேன். முதல் ஐந்து மாதம் ஒரு நாளைக்கு நாலு தடவை குத்தினேன், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். டப்பாவைத் திறந்து வைத்தால் நம்மூர் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும். ஒன்றை எடுத்ததும் டக்கென்று மூடிவிட வேண்டும்.

பூ கட்டுகிறவளுக்கு விரல்தான் மூலதனம். நாரை முடிச்சுப் போடும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஓயாமல் உரசும். அந்த மூன்றையும் தொடவே மாட்டேன். மோதிர விரல், சுண்டு விரல், அதிலும் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துவேன். வலி பாதிதான். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, கீழே தொங்கவிட்டு உதறினால் விரலைப் பிழியாமலே துளி வரும். கழுவுவதை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் பப்பாளி நறுக்கிய கையைத் துணியில் துடைத்துவிட்டுக் குத்தினேன், 17.4. பதறிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி பார்த்தேன், 8.2. அந்த 17ஐ நம்பி யாராவது ஊசியைக் கூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பேனாவைப் பற்றி எனக்கு இருந்த பயம் முதல் வாரத்திலேயே போய்விட்டது. ஊசி கண் இமை மயிர் மாதிரி அவ்வளவு சன்னம். எனக்குக் கொடுத்தது மங்கலான இன்சுலின். அது அடியில் வெள்ளையாகத் தங்கிவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பேனாவை 10 தடவை உருட்டி, 10 தடவை தலைகீழாகச் சாய்த்து, முழுக்கப் பால் மாதிரி ஆன பிறகுதான் போட வேண்டும். முதலில் 2 யூனிட்டைக் காற்றில் விட்டுப் பார்த்து, நுனியில் துளி வந்ததும் அளவைத் திருப்பி, வயிற்றில் குத்தி அமுக்கிவிட்டு, மனசுக்குள் 10 எண்ணிய பிறகு உருவ வேண்டும். அவசரமாக உருவினால் மருந்து தோல்மேல் சொட்டி நிற்கும். தொப்புளுக்கு இடப் பக்கம் ஒரு வாரம், வலப் பக்கம் ஒரு வாரம். ஒரே இடத்தில் குத்தினால் கட்டி தட்டிவிடும். திறந்த பேனா 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்றார்கள், எங்கள் வீட்டில் மத்தியானம் 33 தொடும். மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன், நம்மூர் ஈரத்தில் அது அவ்வளவாகக் குளிரவில்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் படுக்கையறை அலமாரியின் கீழ்த்தட்டு, பேனா இப்போது அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவும் எந்தத் தாதியும் சொல்லித் தருவாள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 2024 ஜனவரியில் நடந்தது.

தைப்பூசம் அந்த வருஷம் ஜனவரி 25. கடைக்குப் போக முடியாத முதல் தைப்பூசம். நோட்டில் காலை வெறும் வயிற்று எண்களை எழுதிக்கொண்டு வந்தேன்: 11.3, 9.8, 8.9, 7.6, 6.4, 5.7, 5.1. ஒவ்வொரு எண்ணும் குறையக் குறைய எனக்குக் கொண்டாட்டம். தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. இரவு உடை முழுக்க நனைந்திருந்தது. கை நடுங்குகிறது, நாக்கு குழறுகிறது. மகள்தான் விரலைக் குத்தினாள். 2.9.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி கழித்துப் பார்த்தால் 3.6. மறுபடி அதே அளவு. அதன் பிறகு 5.2. ரெண்டு பிஸ்கட் தின்றுவிட்டு விடியும்வரை விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு போனதும் டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, இந்த இறக்கத்தைப் பார்த்ததும் என்கிட்ட வந்திருக்கணும்” என்றார். 24 யூனிட் என்பது கிருமி உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தபோது போட்ட கணக்கு. கிருமி அடங்கினால் அதே 24 அதிகமாகிவிடும். இரவு போடும் அந்த மங்கலான இன்சுலினுக்கு வேகம் கூடுவதும் விடியற்காலையில்தான். போதாக்குறைக்கு, வீட்டில் பழைய கிளிக்லசைடு ஒரு டப்பா மீதி இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் அது இல்லை. வீணாகப் போகிறதே என்று நானே விழுங்கிக்கொண்டிருந்தேன். பாக்ட்ரிமும் கிளிக்லசைடும் சேர்ந்தால் சீனி இன்னும் கீழே இறங்குமாம். அன்றே அளவை 14க்குக் குறைத்தார். பழைய டப்பாவைக் கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

காய்ச்சலில் சீனி ஏறும் என்று பலருக்கும் தெரியும். குணமாகும்போது இறங்கும், அப்போது ஊசியைக் குறைக்க வேண்டும் என்பது என் காதில் விழவில்லை. சொல்லியிருப்பார்கள், வீட்டுக்குப் போகிற அவசரத்தில் எனக்கு ஏறவில்லை. அதனால் தொற்றிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வெறும் வயிற்று எண் தொடர்ந்து இறங்கி 6க்குக் கீழே வந்தால் அன்றே கிளினிக்குக்குப் போன் போடுங்கள். அந்த வாரங்களில் மட்டும் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து பாருங்கள்.

பாக்ட்ரிம் விஷயத்தில் இன்னொன்று. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் நம் பக்கம் இளநீர் வாங்கி வருவார்கள். நாத்தனார் நாலு இளநீரோடு வந்து, “சூட்டைத் தணிக்கும் அண்ணி, குடிங்க” என்று வெட்டியே கொடுத்துவிட்டாள். அந்த மாத்திரை இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது, இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். எனக்கு ஏற்கெனவே மேல் வரம்பில் இருந்ததால் மாத்திரை முடியும்வரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெறும் தண்ணீர்தான் நிறையக் குடிக்கச் சொன்னார்கள். நாத்தனார் முகம் வாடிப் போனது. அவளையே குடிக்க வைத்தேன்.

அந்த இரவுக்குப் பிறகுதான் மகள் பயந்துபோய் சென்சார் வாங்கினாள். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் வட்டப் பொட்டு, ஒன்று 14 நாள் வரும், அப்போது விலை 250 வெள்ளிக்கு மேல். இரண்டு போட்டேன். தூங்கும்போது சீனி இறங்கினால் போன் கத்தும் என்பதே பெரிய தைரியம். ரொட்டி சானாய்க்குப் பிறகு கோடு எப்படி ஏறுகிறது, பசியாறத் தோசை தின்றால் எப்படி, எல்லாம் கண் முன்னால் தெரிந்தது. ஆனால் அந்தக் கைமேல் சாய்ந்து படுத்தால் இல்லாத இறக்கத்தைக் காட்டும். இரண்டு இரவு அப்படி அலறியது, விரலில் குத்திப் பார்த்தால் 6க்கு மேல். சீனி வேகமாக ஏறி இறங்கும் நேரத்தில் விரல் எண்ணுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். கையில் காசு இருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள் என்பேன். மாதா மாதம் வாங்க எங்கள் வீட்டு வருமானம் இடம் கொடுக்காது.

மே மாதம் பாக்ட்ரிம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் சேரும்போது 12.4 விழுக்காடு இருந்த மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி சோதனை) ஜூனில் 7.3.

ஆகஸ்டில் எண்கள் திடீரென்று ஏறின. 6.5 இருந்த இடத்தில் 8.8, மறுநாள் 10.1, அடுத்த நாள் 11.6. சாப்பாட்டில் மாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை. பழைய நானாக இருந்தால் சோற்றைக் குறைத்திருப்பேன். இந்தத் தடவை நோட்டோடு நேராகக் கிளினிக்குக்குப் போனேன். நோய் திரும்பிவிட்டதா என்று மறுபடி இரத்தம் எடுத்தார்கள், அது இல்லை. பல் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தபோது கடைவாய்ப் பல்லின் ஈறுக்குள் சீழ். வலி வந்தது அதற்கு அடுத்த நாள்தான். பல்லைப் பிடுங்கி, மருந்து சாப்பிட்டு, ஒன்பது நாளில் எண் பழைய இடத்துக்கு வந்தது. இறங்கும்போது ஊசியையும் டாக்டரிடம் கேட்டுக் குறைத்துக்கொண்டேன்.

2019இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் மட்டும் 31.4. எங்கள் கடை வரிசையில் எண்ணிப் பார்த்தாலும் மூன்றில் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். அவர்களில் பலரிடம் மீட்டர் இருக்கிறது, டிராயரில். எண்ணைப் பார்ப்பதோடு சரி, எழுதுவதில்லை. மீட்டரின் ஞாபகத்திலும் எண்கள் இருக்கும்தான், ஆனால் ஏழு நாள் எண் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்ணில் படுவது நோட்டில்தான். பக்கத்தில் என்ன தின்றேன், எத்தனை யூனிட், காலில் புண் உண்டா என்று ஒரு வரி எழுதுகிறேன். வாங்கும்போது மீட்டரின் விலையைப் பார்க்காதீர்கள், அதற்கான ஸ்ட்ரிப் உங்கள் பக்கத்துக் கடையில் எப்போதும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இப்போது இரவு 12 யூனிட், மெட்ஃபார்மின், நாளைக்கு இரண்டு தடவை சோதனை. கடைசிச் சராசரி 6.8. லொங்காங்கைச் சுத்தம் செய்யக் காசு கொடுத்து ஆள் வைக்கிறேன். கடையில் மூடிய காலணிதான். 2025 தைப்பூசத்துக்கு பிப்ரவரி 10 இரவு முழுக்க மாலை கட்டினோம். இரண்டு மணிக்கு ஒரு தடவை கையைக் கழுவிச் சுண்டு விரலில் பார்த்தேன், 5.9. ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டு மறுபடி நாரை எடுத்தேன். இன்று காலை 6.2. டப்பாவில் 11 ஸ்ட்ரிப் மீதி, சனிக்கிழமைக்குள் வாங்க வேண்டும்.