பிராஸ் பசா அச்சுக்கடைக்கு நான்கு நட்சத்திரம், ஒன்றைக் குறைத்தது 'ஊ'

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த சமயக் கண்காட்சிக்கு, சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவைப் பற்றி ஒரு காலக்கோடு போடும் வேலை என் தலையில் விழுந்தது. 1878இல் திறந்த மகேன் அபோத் யூதத் தொழுகைக்கூடம், கிருஷ்ணன் கோயில், குவான் இம் கோயில் எல்லாம் அந்த ஒரே தெருவில்தான். கோட்டின் தொடக்கத்தில் எருசலேம் ஆலயம் இரண்டு முறை அழிந்ததையும் சேர்த்தேன். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓர் அச்சுக்கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம்.

மாதிரிப் பிரதியில் பழக்கத்தில் கி.மு., கி.பி. என்றே போட்டிருந்தேன். நான் கத்தோலிக்கர், எனக்கு எதுவும் உறுத்தவில்லை. உதவிக்கு வந்த யூத நண்பர்தான் ஆங்கில வரியைக் காட்டி, "ஏடி (AD) என்றால் நம் ஆண்டவரின் ஆண்டு. அவர் உங்கள் ஆண்டவர், என்னுடையவர் இல்லையே" என்று சிரித்தார். தமிழில் அப்படி இல்லை, கிறிஸ்துவுக்குப் பின் என்றுதான் இருக்கிறது என்றேன். "கிறிஸ்து என்றால்?" என்றார். மெசியா, கடவுள் அனுப்பும் மீட்பர். அதற்கு மேல் நான் பேசவில்லை. மெசியா இனிமேல்தான் வரவேண்டும் என்று நம்புகிறவரிடம் 'மெசியாவுக்குப் பின்' என்று கொட்டை எழுத்தில் நீட்டியிருக்கிறேன்! எபிரேயத்தில் 'எண்ணிக்கைக்கு முன்' என்று சொல்லிவிடுவார்களாம்.

சரி, கிறிஸ்துவின் பெயர் வராத 'பொது ஊழி' என்று மாற்றினேன்: ஆலயம் அழிந்த ஆண்டுகள் பொ.ஊ.மு. (பொது ஊழிக்கு முன்) 586, பொ.ஊ. 70 என்று ஆயின. அம்மாவுக்குக் கோபம். "கிறிஸ்துவைத் தூக்கிட்டு என்ன பொது?" எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது, பெயர்தான் வேறு என்றேன். அந்த எண்ணிக்கையே 525இல் தியோனீசியுஸ் என்ற துறவி போட்ட கணக்கு. இயேசு பிறந்தபோது ஆண்டதாக நற்செய்தி சொல்லும் ஏரோது மன்னன் இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு, அப்படியானால் இயேசு பிறந்ததே கிறிஸ்துவுக்கு முன்தான். "கணக்கு தப்பினா பேரையும் மாத்தணுமா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

கடைக்காரர் முகம் சுளிக்காமல் இருபத்து மூன்று இடங்களில் மாற்றினார், கூடுதல் காசு வாங்கவில்லை. தமிழ் தெரியாத சீனப் பெரியவர், அடிக்கோலை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். ஆனால் அவர் கணினியில் 'ஊ' உடைந்து, 'உ' ஒரு பக்கமும் 'ள' போன்ற குறி மட்டும் தனியே இன்னொரு பக்கமுமாக நின்றது. பொது ஊழியே இரண்டாகப் பிளந்ததுபோல! வீட்டில் எல்லாவற்றையும் படமாக மாற்றி அனுப்பிய பிறகுதான் சரியானது. இரண்டு நாள் போச்சு. தமிழ் அச்சடிக்கப் போகிறவர்கள் முதலிலேயே அப்படிச் செய்துவிடுங்கள்.

ஏ1 அளவுக்கு 28 வெள்ளி. மினுமினுப்பில்லாத கெட்டித் தாள், விளக்கு வெளிச்சத்தில் கண் கூசவில்லை. கண்காட்சி முடிந்து சுருட்டும்போது பார்த்தேன், 70க்குப் பக்கத்தில் பென்சிலில் பொடியாக 'கி.பி.' என்று இருந்தது. அம்மாவின் கையெழுத்து. அந்தத் தாளில் பென்சில் நன்றாகவே பிடிக்கிறது.