திருவிழாவுக்கு 'அசையும் யானை' எடுக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் படியுங்கள்

பெங்களூரில் தெருக் கோயில் கமிட்டிகளில் இருக்கும் எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை. தண்ணீர் ஊற்றும் யானை, வாய் திறக்கும் மகிஷன், இறக்கை அடிக்கும் கருடன் என்று கைப்பேசியில் படம் காட்டி, எல்லாவற்றையும் ட்ராக்டர் வண்டியில் ஏற்றி ஊர்வலத்துக்கு அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். நெற்றி நிறையக் குங்குமம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்தக் கொட்டகையில், சொந்தக் கையால் செய்கிறேன் என்பார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. 85,000 ரூபாய்க்குப் பேசி, 60,000 ரூபாயை முன்னதாகவே வாங்கிக்கொண்டு அவர் எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியதை வெறும் ஏமாற்று வேலை என்று சொல்லி விட்டுவிட முடியாது. ஒரு பையன் அன்றைக்குச் செத்திருப்பான்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் திருவிழா சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும். சுற்று வட்டாரக் கோயில்களிலிருந்து பூப்பல்லக்குகள் இரவு முழுக்க வரிசையாக வரும். நகரத்தின் இன்னொரு பக்கம் தர்மராய சுவாமி கோயில் கரகமும் அதே சமயத்தில்தான். அந்த நாட்களில் கே.ஆர். மார்க்கெட்டில் மல்லிகை விலையைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்தவர்கள் உண்டு. எங்கள் தெருப் பெரியவர்களுக்குப் பூவும் நாதஸ்வரமும் போதும். இளைஞர்களுக்குப் போதவில்லை. பக்கத்துத் தெருவில் முந்தைய ஆண்டு நாக்கு நீட்டும் காளி வந்துவிட்டாள். அதற்கப்புறம் இவர்களைப் பிடித்து நிறுத்த முடியுமா?

பேசி முடித்தது திருவானைக்கா காட்சி. நாவல் மரத்தடியில் சிவலிங்கம்; வெள்ளை யானை துதிக்கையால் காவிரி நீரை முகந்து ஊற்றும்; மேலே சிலந்தி வலை பின்னும். அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகப் பார்த்துக் கட்டினான் என்பது கதை. சிவன் கோயில் விழாவுக்குப் பொருத்தமான காட்சி என்று எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

கொட்டகைக்காரர் கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் குரல் செய்தியாக என்னிடம் இருக்கின்றன. ஃபைபர் யானை. 12 வோல்ட் மோட்டாரில் துதிக்கை ஏறி இறங்கும். சின்ன பம்ப் தண்ணீரை மேலே தள்ளும், விழுந்த தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். சத்தம் போடாத ஜெனரேட்டர். உயரம் 12 அடி. "அக்கா, நீங்கள் பூவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்றார். ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டபோதெல்லாம் பெயின்ட் காயவில்லை என்று பதில் வந்தது. கொட்டகைக்கே போய் நின்ற இளைஞர்களுக்குத் தார்ப்பாய் மூடிய உருவம் ஒன்றைக் காட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மாலை ஆறு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒன்பதரைக்கு வந்தது. சாமி பல்லக்கில் ஏறி, தீபாராதனை முடிந்து, சாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியும் தொடங்கிவிட்டது. இந்தத் தாமதம் தற்செயல் என்று நான் நம்பவில்லை. சாமி புறப்படுகிற நேரத்தில் வந்தால் யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள், திருப்பி அனுப்பவும் மனம் வராது. இது அந்தத் தொழிலின் முதல் தந்திரம்.

யானையில் ஃபைபர் என்று ஒரு துண்டுகூட இல்லை. மூங்கிலையும் கட்டுக்கம்பியையும் வைத்து ஒரு கூடு, அதன்மேல் தெர்மோகோலும் சாக்குத் துணியும், அதற்கும் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூச்சு. காதுகள் பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் வெட்டியவை. காற்றில் காது புரளும்போதெல்லாம் யாருக்கோ கன்னடத்தில் பிறந்தநாள் வாழ்த்து தெரிந்தது. சிலந்தி வரவே இல்லை. எங்கே என்று கேட்டேன். "இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது அக்கா" என்றார்.

உயரத்தில் இன்னொரு கணக்கு. அவர் சொன்ன 12 அடி வண்டித் தளத்திலிருந்து. தளமே தரையிலிருந்து நான்கடி. எங்கள் தெருவில் இன்டர்நெட் கேபிளும் டிவி கேபிளும் கொடிக்கயிறு போலத் தொங்குகின்றன. அவற்றுக்கு மேலே மின்கம்பி. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனேக்கல் பக்கம் ஹுஸ்கூர் மத்தூரம்மா திருவிழாவில் 2024-இலும் 2025-இலும் உயரமான தேர்கள் சாய்ந்தன. இரண்டாவது முறை உயிரும் போயிற்று. இதையெல்லாம் சொன்னதற்கு, "கவைக்கம்பால் தூக்கிவிட ஆள் வைத்திருக்கிறேன்" என்றார். கேபிளைக் கவைக்கம்பால் தூக்கலாம், மின்கம்பியை யார் தூக்குவது? கடைசியில் எங்கள் பையன்களே அரிவாள் கொண்டுவந்து நாவல் மரத்தின் தலையை வெட்டினார்கள். தல விருட்சம் மொட்டையாகத்தான் புறப்பட்டது.

யானை சாமியைப் பார்த்தபடி நிற்க வேண்டும் என்பதால் வண்டியின் பின்பக்கம் நோக்கி நின்றது. வண்டிக்கும் பல்லக்குக்கும் நடுவே நாதஸ்வரக் கோஷ்டி. சின்ன பம்ப் என்று சொன்னது, வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற அரைக் குதிரைத்திறன் மோட்டார். போட்டதும் தண்ணீர் லிங்கத்தைத் தாண்டிப் பாய்ந்து நேராகத் தவில் வித்துவான் மீது விழுந்தது. தவில் தோல் நனைந்தால் நாதம் போய்விடும் என்பது பலருக்குத் தெரியும். அவர் விரல்களில் மாவு தோய்த்துக் காயவைத்துக் கட்டியிருந்த கூடுகளும் ஊறிவிட்டன. கையை விரித்துக் காட்டினார். நுனிகள் கூழாகித் துணி பிரிந்து தொங்கியது. ஒன்றும் பேசாமல் தவிலைக் கழற்றித் துண்டால் மூடிக்கொண்டார். அவருக்கு நாங்கள் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

பம்பை நிறுத்திவிட்டுத் துதிக்கையை மட்டும் அசைக்கச் சொன்னோம். அது ஏறுவதும் நடுவில் நின்றுவிடுவதும் தொப்பென்று விழுவதுமாக இருந்தது. குழந்தைகள் கைதட்டின. பஜார் தெருப் பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது பக்கத்து வீட்டுச் சிறுமி, "யானைக்கு இருமல்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் கேட்டது. மறுபடியும் கேட்டது. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் தம்பி வண்டியில் தாவி ஏறி, யானையின் வயிற்றுப் பக்கச் சாக்கைக் கிழித்தான்.

உள்ளே பெயின்ட் டப்பாவின் மேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மீசை அரும்பாத முகம். கண்கள் சிவந்து, சட்டையில் வாந்தி. துதிக்கையிலிருந்து ஒரு கப்பி வழியாக வந்த நைலான் கயிறு அவன் இரண்டு உள்ளங்கைகளிலும் சுற்றியிருந்தது. அவனுக்குப் பின்னால் கைநீட்டும் தூரத்தில், அதே தார்ப்பாய்க்குள், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கு என்று இழுத்தால் வரமாட்டேன் என்கிறான். "அண்ணா, கயிற்றை விட்டால் தும்பிக்கை விழுந்துவிடும், அடிப்பார்கள்" என்கிறான். வேறொருவர் கயிற்றை வாங்கிப் பிடித்த பிறகுதான் கையைத் தளர்த்தினான்.

காரில் கண்ணாடி துடைக்கிற மோட்டார் ஒன்றும் அங்கே இருந்தது. ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார்கள். ஒயர் எதிலும் இணைக்கப்படவில்லை. கேட்டால் காட்டுவதற்காக வைத்தது.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்ற வரிசையில் போய் ஆள் அப்படியே சாய்ந்துவிடுவான், கத்தக்கூட மாட்டான். மூடிய இடத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம். இந்தப் பையன் இருமியதும் அதை ஒரு குழந்தை கவனித்ததும்தான் அவனைக் காப்பாற்றின. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். காலையில் இட்லி சாப்பிட்டான். 300 ரூபாயும் பிரியாணியும் தருவதாகச் சொல்லி அழைத்து வந்தார்களாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னோம். 14 வயதுக்குக் கீழே என்றால் சில விதிவிலக்குகள் தவிர எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 18 வயது வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது சட்டம். 1986-இல் வந்தது, 2016-இல் கடுமையாக்கினார்கள். கொட்டகைக்காரருக்கு இது தெரியாதா? தெரிந்ததால்தான் சாக்குப் போட்டுத் தைத்தார்.

அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். "மோட்டார் நன்றாகத்தான் இருந்தது, உங்கள் தெருதான் மேடு பள்ளம்" என்றார். பிறகு மிச்சம் 25,000 ரூபாயைக் கேட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றுகொண்டு கேட்டார். கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்றதும் அவருடைய ஆட்கள் யானையைத் தெருமுனையில் தள்ளிவிட்டு ட்ராக்டரையும் ஜெனரேட்டரையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் குப்பை வண்டிக்காரர்கள் அதைத் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு தெர்மோகோலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? டெம்போ பிடித்து அனுப்பிய செலவும் எங்கள் தலையில்.

இனி எடுக்கிறவர்கள் செய்ய வேண்டியது இதுதான். விழாவுக்கு முந்தைய நாள் பகலில், ட்ராக்டரோடு, உங்கள் தெருவிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும். ஓடும்போதே ஒருவர் மேலே ஏறி உருவத்தின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவிட மறுத்தால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உயரத்தைத் தரையிலிருந்து டேப் வைத்து நீங்களே அளந்து, அதே அளவுக் கம்போடு ஊர்வலப் பாதை முழுக்க ஒருமுறை நடந்து பாருங்கள். கம்பால் எதையும் தொடக் கூடாது, கீழே நின்று கண்ணால் பார்த்தால் போதும். மின்கம்பி தாழ்வாக இருந்தால் பெங்களூரின் மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் எண் 1912. ஜெனரேட்டர் திறந்தவெளியில், முடிந்தால் தனி வண்டியில், புகைக்குழாய் ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே வண்டியில் வருகிறதென்றால் மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் சுவிட்சைப் போடவிடாதீர்கள். அதையும் உங்கள் எலக்ட்ரீஷியனே சோதிக்கட்டும். எங்கள் வண்டியில் ஈரத் தளத்தின்மேல் ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். யாருக்கும் ஷாக் அடிக்காதது தெய்வாதீனம். பாதிப் பணத்தை வண்டி ஊர்வலம் முடிந்து திரும்பும்வரை கையில் வைத்திருங்கள். பில் கேளுங்கள், அதில் பொருள் என்ன, மோட்டார் எது, உயரம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

பணத்தை என் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் அனுப்பியதால் பதிவு இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்த பிறகு, இ-ஜாக்ருதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பையன் விஷயம் தனியாகப் போலீஸில் இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், வேறொரு பேட்டையில் இருக்கும் என் நாத்தனார் நேற்று ஒரு படம் அனுப்பினார். விநாயகர் ஊர்வலத்துக்காக அவர்கள் கமிட்டிக்கு வந்த படமாம். நாவல் மரத்தடியில் வெள்ளை யானை, இளஞ்சிவப்பு விளக்கு, கொட்டகையில் எடுத்தது, வலது காதின் ஓரத்தில் இரண்டு கன்னட எழுத்துகள். எங்கள் யானைதான். இந்தப் படத்தை உங்களிடம் யாராவது காட்டினால் யானை நடுத்தெருவில் ஓடும் வீடியோவைக் கேளுங்கள். அவரிடம் இருக்காது. எங்கள் தெருவில் பத்துக் கைப்பேசிகளில் இருக்கிறது, கேட்பவர்களுக்கு அனுப்புகிறோம்.