கான்கிரீட் மேல் பொருத்தும் திரிபு சென்சார்: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

உத்திரங்களிலும் தூண்களிலும் மேற்பரப்பில் பொருத்தி, திரிபை, அதாவது நீளம் எந்த விகிதத்தில் மாறியது என்பதை, அளக்கும் அதிர்வுக் கம்பி சென்சார்களோடு சில ஆண்டுகளாகப் பழகிவருகிறேன். கருவியிடம் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. அது காட்டும் எண்ணை அப்படியே பாரத்தின் கணக்கில் எழுதிவிடும் வழக்கத்தோடுதான் சண்டை.

உள்ளே இருப்பது இழுத்துக் கட்டிய மெல்லிய எஃகுக் கம்பி. மின்சுருள் அதை மீட்டும்; கான்கிரீட் நீண்டால் வீணைத் தந்தியை முறுக்கியதுபோல அதிர்வெண் ஏறும், சுருங்கினால் இறங்கும். அளப்பது அதிர்வெண் என்பதால் கேபிள் நீண்டாலும் எண் கெடுவதில்லை. நீண்டால் மின்தடை மாறும் மெல்லிய உலோகத் தாளான, ஒட்டும் ஃபாயில் கேஜ் இங்கேதான் சறுக்குகிறது: 120 ஓம் கேஜில் ஒரு மைக்ரோ திரிபு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) என்பது சுமார் 0.00024 ஓம் மாற்றம்தான். ஈரம் புகுந்தால் தொடக்க அளவே நகர்ந்துவிடும். வாகனம் கடக்கும் நொடிநேரத் துடிப்பைப் பிடிக்க மட்டும் எனக்கு ஃபாயில் கேஜ் போதும்.

உண்மையான தொல்லை வெயில். கான்கிரீட் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 10 மைக்ரோ திரிபு விரியும். எஃகுக் கம்பி 12 அளவுக்கு. இரண்டும் சேர்ந்து சூடானால் வித்தியாசம் சிறியது, திருத்திவிடலாம். நேர்வெயில் பட்டால் சென்சாரின் குழாய் சட்டென்று சூடேறும், கான்கிரீட்டோ மெதுவாகத்தான் சூடேறும். கம்பி மட்டும் தளர, உத்திரம் அழுத்தத்தில் இருப்பதாக வரைபடம் காட்டும். பாரம் எதுவும் மாறியிருக்காது! அதனால் ஒவ்வொரு சென்சாருக்கும் காற்றோட்டமுள்ள நிழல்மூடி போடுகிறேன். விடியலுக்கு முந்தைய அளவுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுகிறேன். இந்த இரண்டையும் செய்யாமல் விலையுயர்ந்த மென்பொருள் வாங்குவது வீண்.

அதற்குப் பிறகும் மிஞ்சும் மாற்றம் எல்லாமே பாரம் மாறியதால் வந்ததல்ல. உலர்சுருக்கமும் நெடுநாள் ஊர்வும் (மாறாத பாரத்தின் கீழ் கான்கிரீட் மெல்ல மெல்ல உருமாறுவது) சில நூறு மைக்ரோ திரிபு வரை போகும். அதைத் தகைவாக (ஓர் அலகு பரப்பில் உள்ள விசையாக) மாற்றிப் பீதியடைந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

பொருத்தும்போது ஒன்று: அளவு நீளம், அதாவது சென்சாரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள தூரம், மிகப்பெரிய ஜல்லியைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். குறைந்தால் அளப்பது ஜல்லியையா, சாந்தையா என்றே தெரியாது. முனைகளுக்கு எபாக்ஸி மட்டும் போடுவதைவிடத் துளையிட்டு நங்கூரமிடுவதையே விரும்புகிறேன். பசையும் காலப்போக்கில் நெகிழும்.

கான்கிரீட் 100 முதல் 150 மைக்ரோ திரிபு இழுவையிலேயே விரிசல் விடக்கூடும். இரு முனைகளுக்கும் நடுவே விரிசல் ஓடினால் எண் திடீரெனத் தாவும். அதன்பின் அந்தச் சென்சார் விரிசலின் அகலத்தைத்தான் சொல்கிறது. அதைக் கழற்றாமல் அந்த வேலைக்கே விட்டுவிட்டு, பக்கத்தில் விரிசலற்ற பகுதியில் புதிதாக ஒன்றைப் பொருத்துகிறேன்.