இங்கிலாந்தின் பள்ளிக் காலை உணவு: பழைய திட்டமா, புதிய திட்டமா?

2018-இல் தொடங்கிய தேசியப் பள்ளிக் காலை உணவுத் திட்டம் ஏழைப் பகுதிகளைக் குறிவைத்தது. பின்னாளில் வைத்த விதிப்படி, மாணவர்களில் 40 சதவீதமாவது வறுமை அதிகமுள்ள பகுதிகளிலிருந்து வந்தால்தான் ஒரு பள்ளி அதில் சேர முடிந்தது. அப்போது உணவுக்கும் அதைக் கொண்டுவரும் செலவுக்கும் அரசு 75 சதவீதம் கொடுத்தது, மீதி 25 பள்ளியின் தலையில். பரிமாறுகிறவர்களின் சம்பளமும் பள்ளியின் பாடுதான். ஆனால் வளைந்துகொடுக்கும் திட்டம் அது. தனி அறையில் உட்காரவைத்துக் கொடுக்கலாம், வகுப்பிலேயே கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் வாசலில் நின்று ஆளுக்கொரு பேகல் ரொட்டியை நீட்டலாம். தாமதமாக ஓடிவரும் பிள்ளையும் பட்டினி கிடக்காது.

ஏப்ரல் 2025-இல் 750 பள்ளிகளில் சோதனையாக வந்த புதிய காலை உணவு கிளப் வேறு மாதிரி. தொடக்கப் பள்ளிக்கு மட்டும். அங்கே வசதி பார்ப்பதில்லை, எல்லாப் பிள்ளைக்கும் இலவசம். பள்ளி தொடங்குமுன் அரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் இதில் சேர்த்தி. வேலைக்கு ஓடும் அம்மாவுக்கு ரொட்டியைவிட அந்த அரை மணிதான் பெரிசு.

சரி, எது மேல்? ‘இல்லாத வீட்டுப் பிள்ளை’ என்ற முத்திரை விழாது என்பதால் என் ஓட்டு புதியதற்கு. ஆனால் இதற்கு அரசு கொடுக்கும் பணம் ஆள் கூலிக்கே போதவில்லை என்று தலைமையாசிரியர்கள் சிலர் முறையிட்டார்கள், தேர்வான பள்ளிகளில் சில விலகியும் விட்டன. அப்புறம், பழைய திட்டத்தில் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் இடமிருந்தது. பதின்மூன்று வயதில்தான் பசி அதிகம்!