முல்லைப்பாட்டின் முதல் பத்து அடி: எந்த வடிவில் காட்டிக் கருத்துக் கேட்பது?

முல்லைப்பாட்டு 103 அடிதான்; பத்துப்பாட்டிலேயே சிறியது. மின்பதிப்புக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். முதல் பத்து அடி ஓரளவு தயாரானதும் சிலரிடம் காட்டிக் கருத்துக் கேட்டேன். அச்செடுத்த பிடிஎஃப், கூகுள் டாக்ஸ், அரைகுறையாக நிற்கும் இணையப் பக்கம் என மூன்று வடிவங்களில் அனுப்பினேன். பாட்டு ஒன்றுதான், வந்த பதில்கள் மூன்று தினுசு.

அச்செடுத்த தாள் பெரியவர்களுக்கு ஏற்றது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பென்சிலோடு உட்கார்ந்து படித்தார். ஐந்தாம் அடியை நான் ‘கோடு கொண்டு எழுந்த கொடுஞ்செலவு எழிலி’ என்று பிரித்துப் போட்டிருந்தேன். ‘கோடுகொண் டெழுந்த கொடுஞ்செல வெழிலி’ என்று ஓரத்தில் எழுதி, நான்கு சீருக்கும் கோடு கிழித்து, “ஓசை எங்கே போயிற்று?” என்று கேட்டிருந்தார். சொல் பிரித்தால் பொருள் எளிதாகிறது, யாப்பு குலைகிறது. இரண்டு வடிவமும் வேண்டும் என்ற முடிவுக்கு அந்தப் பென்சில் கோடுதான் என்னைக் கொண்டுவந்தது. ஆனால் மற்றவர்கள் பிடிஎஃபை முடிந்துபோன புத்தகமாகவே எடுத்துக்கொண்டார்கள். எழுத்தின் அளவைச் சொன்னார்கள், “நன்றாக வந்திருக்கிறது” என்றார்கள். தொடக்க நிலையில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பாராட்டால் ஒரு பயனும் இல்லை.

கூகுள் டாக்ஸில் கருத்துகள் வந்து குவிந்தன. மூன்றாம் அடியின் ‘மாஅல்’ தட்டச்சுப் பிழை என்று ஒருவர் ‘மால்’ ஆக்கினார். அது அளபெடை, ஓசைக்காக நீட்டி எழுதுவது என்று இன்னொருவர் மீட்டார். இப்படியே இருபது குறிப்புகள். அங்கே ஒரு திருத்தத்தை ஏற்கலாம் அல்லது தள்ளலாம், அவ்வளவுதான். பாடபேதம், அதாவது ஒரே இடத்தில் பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது, அப்படித் தீர்த்துவிடுகிற விஷயமல்ல. இரண்டு பாடமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். உரைநடை எழுத அது நல்ல கருவி, மூலபாடப் பதிப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணையப் பக்கத்தில் இடப்புறம் ஓலை ஏட்டின் படம், வலப்புறம் பாட்டு. அடியெண், ஐயம், வேறுபாடம் எல்லாவற்றையும் டிஇஐ (TEI) என்ற, மின்பதிப்புகளுக்கான குறியீட்டு முறையில் குறியிட்டிருந்தேன். மேலே சொன்ன ஐந்தாம் அடியையே பாருங்கள். அதில் மலையைக் குறிக்கும் ‘கோடு’ம் இருக்கிறது, விரைவைக் குறிக்கும் ‘கொடு’ம் இருக்கிறது. பழைய ஏட்டில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது, மெய்க்குப் புள்ளி கிடையாது, காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். எது கோடு, எது கொடு என்பது படிக்கிறவர் எடுக்கிற முடிவு. 1889இல் உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சேற்றியபோது இத்தகைய முடிவுகளை அடிக்கு அடி எடுத்திருக்கிறார். அச்சைப் பார்ப்பவருக்கு முடிவு மட்டும் தெரிகிறது. படம் பக்கத்தில் இருந்தால் அதை எட்டிய வழியும் தெரிகிறது, மறுத்துப் பேசவும் முடிகிறது. எனக்கு வந்ததிலேயே கனமான கருத்துகள் இங்கேதான் வந்தன. ‘மால்’ என்று தேடினால் ‘மாஅல்’ அகப்படவில்லை என்று ஒருவர் எழுதினார். தாளில் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

குறை இல்லாமல் இல்லை. பக்கத்தைக் கட்டவே இரண்டு வாரம் போயிற்று. கைப்பேசியில் ஏட்டின் எழுத்து எறும்பு வரிசையாகத் தெரிகிறது. தமிழாசிரியர் அதைத் திறக்கவே இல்லை.

என் தேர்வு இணையப் பக்கம்தான். அதிலிருந்தே ஒரு தாள் அச்செடுத்து ஆசிரியருக்கும் கொடுப்பேன். ஐயமுள்ள இடங்களை ஒளிக்காமல் நிறமிட்டுக் காட்டுவேன். “கருத்துச் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்காமல், “ஐந்தாம் அடியில் இந்தப் பிரிப்புச் சரியா?” என்று கேட்பேன்.

ஆசிரியரின் தாளில் கடைசியாக ஒரு குறிப்பு இருந்தது. பத்தாம் அடி ‘கைதொழுது’ என்று முடிகிறது. “தொழுதது யார்?” என்று எழுதியிருந்தார். விரிச்சி (நற்சொல்) கேட்க நிற்கும் பெருமுது பெண்டிர் பதினோராம் அடியில்தான் வருகிறார்கள். வட்டமான எண் என்று பத்தோடு நிறுத்தியிருக்கிறேன். அடுத்த முறை 11 அடி.